மல்லாட்டையில் துரு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

திண்டிவனம் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. எனக்கு இரண்டரை ஏக்கர், வருடத்துக்கு இரண்டு பட்டம், அதாவது இரண்டு விதைப்புப் பருவம். பூ விட்டு ஒரு மாதம் ஆனதும் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வர ஆரம்பிக்கும். கையில் மஞ்சள் பை, பைக்குள் வாடிய கடலைச் செடி. தூரத்து ஊர்க்காரர்கள் போனில் படம் அனுப்புவார்கள், அதுவும் இலையின் மேல்பக்கத்தை மட்டும் எடுத்து.

துரு என்னும் இலை நோயைப் பற்றிய கேள்விகள் எல்லாம் வருடா வருடம் அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் சொன்னபடியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். மருந்து, உரப் பரிந்துரைகளில் இருக்கும் ஹெக்டேர் அளவுகளை ஏக்கருக்கு மாற்றிவிட்டேன்.

“இது துருவா, டிக்காவா? எப்படிங்க கண்டுபிடிக்கறது?”

இலையைத் திருப்புங்கள். அடிப்பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஆரஞ்சும் செங்கல் நிறமும் கலந்த கொப்புளங்கள் இருக்கும். கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தேயுங்கள். விரலில் காவிப்பொடி மாதிரி ஒட்டினால் துரு. விரல் சுத்தமாக இருந்தால் வேறு ஏதோ. இதை விரல் சோதனை என்றே கீழே சொல்லப் போகிறேன்.

டிக்கா இலைப்புள்ளியில் இரண்டு வகை. முன்பருவப் புள்ளி பழுப்பாக, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு மேல்பக்கத்தில் தெரியும். பின்பருவப் புள்ளி கிட்டத்தட்டக் கரிய நிறம், அடிப்பக்கம் சொரசொரப்பு. இன்னொரு வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரியும். டிக்கா வந்த இலை உதிர்ந்து தண்டு மொட்டையாக நிற்கும். துரு வந்த இலை சருகாகக் காய்ந்தாலும் செடியிலேயே தொங்கும். அதனால்தான் துரு முற்றிய வயல் தீயில் வாட்டியது போல் இருக்கிறது.

வயல் கருகித் தெரிவதெல்லாம் துருவும் இல்லை. சுருள்பூச்சி தாக்கினாலும் அப்படித்தான் இருக்கும். அதில் இலை மடிந்து ஒட்டியிருக்கும், பிரித்தால் உள்ளே புழு. போன வருடம் ஒருவர் பூஞ்சாண மருந்து வாங்கிக்கொண்டு வந்து, டேங்கில் கரைப்பதற்கு முன் என்னிடம் இலையைக் காட்டினார். நல்லவேளை.

“துருங்கறது பூச்சியா, கிருமியா?”

பூஞ்சாணம். பக்சினியா அராக்கிடிஸ் என்று பெயர். விரலில் ஒட்டிய அந்தக் காவிப்பொடிதான் அதன் வித்து. ஒரு கொப்புளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும், காற்றடித்தால் பறக்கும். பச்சையாக உயிரோடு இருக்கும் இலையில் மட்டும்தான் இது வாழும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

“போர்த் தண்ணி செவசெவன்னு வருது. அந்த இரும்புதானே துருவா மாறுது?”

இல்லை. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் துரு. இரும்புக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே கிடையாது. இரும்புச்சத்துப் பற்றாக்குறை என்று தனியாக ஒன்று உண்டு. சுண்ணாம்பு அதிகமுள்ள நிலத்தில் நுனிக் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) தெளிப்பார்கள். அது துருவுக்கு உதவாது, துரு மருந்து அதற்கு உதவாது.

“எங்க அப்பா காலத்துல இந்த நோயே கெடையாதே?”

உங்கள் அப்பா சொன்னது சரி. கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர், துருவும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். பராகுவேயில் கிடைத்த மாதிரியை வைத்து 1884-ல் இதைப் பதிவு செய்தார்கள். அதன் பிறகும் வெகுகாலம் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களோடு நின்றிருந்தது. 1970-ஐ ஒட்டித்தான் ஆசியா, ஆப்பிரிக்கா என்று எல்லாப் பக்கமும் பரவியது. பயிர் முன்னால் வந்தது, நோய் சில நூற்றாண்டு கழித்துத் தேடி வந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் டிக்காவுக்கு வழக்கமான பேச்சு இருந்தும் துருவுக்கு இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

“வருஷா வருஷம் எங்கேர்ந்துதான் வருது? மண்ணுலயே தங்கிடுதா?”

மண்ணில் தங்குவதில்லை. உயிருள்ள இலை வேண்டும் என்று சொன்னேனே, அறுவடை முடிந்து காய்ந்த சருகில் இந்த வித்துகள் அதிக நாள் தாங்காது. நம் வெயிலில் இன்னும் சீக்கிரம் செத்துவிடும். டிக்கா அப்படி இல்லை, சருகிலும் மண்ணிலும் காத்திருந்து அடுத்த பயிரைப் பிடிக்கும்.

பிறகு துரு எங்கே ஒளிந்திருக்கிறது? நம் தமிழ்நாட்டில் கடலை இல்லாத மாதமே கிடையாது. மார்கழிப் பட்டம் முடியும்போது பக்கத்தில் சித்திரைப் பட்டம் முளைத்திருக்கும், அது முடிவதற்குள் ஆடிப் பட்டம். ஒரு வயலில் இருந்து இன்னொரு வயலுக்குக் காற்றில் போய்க்கொண்டே இருக்கிறது. இடைவெளி விழுந்தாலும் களத்து மேட்டில், வரப்பில், எருக்குழி ஓரத்தில் சிதறிய கொட்டை தானாக முளைத்து நிற்கும். அந்த நாலு செடி போதும். விதைப்புக்கு முன் அவற்றைப் பிடுங்கிப் போடுங்கள், காசில்லாத வைத்தியம். பக்கத்து வயல்காரர் 70 நாள் பயிர் வைத்திருக்கும்போது நீங்கள் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் புதிதாக விதைத்தால் அவருடைய துரு உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

“வரப்போர சோளத்துலயும் துரு இருக்கு. அதுலேர்ந்து தாவுமா?”

தாவாது. சோளத்தின் துரு வேறு, காப்பியின் துரு வேறு, கடலையின் துரு வேறு. கடலைத் துரு கடலை இனத்தில் மட்டும்தான் வரும்.

“எந்தப் பட்டத்துல ஜாஸ்தி?”

பனியும் தூறலும் இருக்கிற பட்டத்தில். இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும், வெப்பம் 20 முதல் 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அதுதான் துருவுக்குப் பிடித்த காலம். ஆடியில் விதைத்த மானாவாரி, புரட்டாசிக் கடைசியில் காய் பிடித்து நிற்கும்போது வடகிழக்கு மழை ஆரம்பிக்கும். மார்கழிப் பட்டம், தை மாசிப் பனியில் மாட்டும். சித்திரைப் பட்டத்தில் வெயில் காய்ச்சுவதால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

தெளிப்புநீர் போட்டிருப்பவர்கள் சாயங்காலம் ஓட்டாதீர்கள். ராத்திரி முழுக்க இலை நனைந்தே கிடக்கும். விடியற்காலையில் ஓட்டினால் எப்படியும் பனியில் நனைந்த இலைதான், வெயில் ஏறியதும் காய்ந்துவிடும்.

“எத்தனாவது நாள்லேர்ந்து பார்க்கணும்? எங்க பார்க்கணும்?”

35-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை. வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது, உட்கார வேண்டும். மேலே பச்சைப்பசேல் என்று இருக்கும், கீழே மூன்றாவது நான்காவது இலையில் வேலை நடந்துகொண்டிருக்கும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். என் வயலின் கிழக்கு வரப்பில் பனைமரங்கள். அந்த ஓரம் காலை 9 மணி வரை பனி காயாது. ஒவ்வொரு முறையும் முதல் கொப்புளம் அங்கேதான் கிடைத்திருக்கிறது. உங்கள் வயலிலும் அப்படி ஒரு மூலை இருக்கும், மரநிழலோ, பள்ளமோ, தண்ணீர் தேங்கும் மடையோ. முதலில் அங்கே போங்கள். அப்புறம் வயலில் கோணல்மாணலாக நடந்து 20 செடி பாருங்கள். கீழ் இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தால், கொப்புளம் வெடிப்பதற்கு முன்பே அடிப்பக்கம் வெளிறிய சிறு புள்ளிகள் தெரியும். ஒரு நாள் கழித்து மேல்பக்கம் மஞ்சள் புள்ளி. அதற்கப்புறம்தான் காவிக் கொப்புளம். வித்து விழுந்து கொப்புளம் வர, காலநிலையைப் பொறுத்து 7 முதல் 20 நாள் ஆகும். இன்று நீங்கள் பார்ப்பது போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ வந்தது.

20 செடியில் இரண்டு மூன்றில் விரல் சோதனைக்குப் பொடி ஒட்டினால், பயிருக்கு 70 நாளுக்குள் என்றால், பனியோ தூறலோ இருந்தால், நான் மருந்து எடுக்கப் போய்விடுவேன். ஒரே ஒரு செடி, வறண்ட காற்று என்றால் நான்கு நாள் கழித்து மறுபடி பார்ப்பேன்.

“கடலை முத்தினா இலை காயத்தானே செய்யும்? அதைப் போய் நோய்ங்கறீங்களே?”

இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், ஏனென்றால் நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். இலை பழுத்தால் காய் முற்றிவிட்டது என்று பிடுங்குவோம். உண்மையில் இலை போனதால் செடி அவசரமாக முடித்துக்கொள்கிறது. துரு கடுமையாகத் தாக்கிய செடி இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே முதிர்ந்தது போல் ஆகிவிடும். காய் எண்ணிக்கை இருக்கும், உடைத்தால் பருப்பு சூம்பியிருக்கும். எண்ணெயும் குறையும். மூட்டை எண்ணிக்கையில் தெரியாத நஷ்டம், உடைப்புக் கணக்கில் தெரியும்.

துருவும் டிக்காவும் சேர்ந்து சீக்கிரமே வந்து, ஒன்றும் செய்யாமல் விட்டால் பாதி விளைச்சல் போவது சாதாரணம். அதற்கு மேலும் போகும்.

“சரி, என்ன மருந்து அடிக்கலாம்?”

பயிர் 60 நாளுக்குள், துரு இப்போதுதான் தலைகாட்டுகிறது என்றால் மேன்கோசெப் ஏக்கருக்கு 400 கிராம், லிட்டருக்கு 2 கிராம். கடையில் எம்-45 என்று கேட்டால் கொடுப்பார்கள். அல்லது குளோரோதலோனில் அதே அளவு. இவை இலை மேல் படிந்து காவல் காக்கும் மருந்துகள். நல்ல இலையில் வித்து முளைக்காமல் தடுக்கும், உள்ளே போய்விட்டதை எடுக்காது. குளோரோதலோனில் டிக்காவுக்கும் துருவுக்கும் இரண்டுக்கும் நன்றாகக் கேட்கும். நனையும் கந்தகம் ஏக்கருக்கு 1 கிலோ என்ற பரிந்துரையும் உண்டு, விலை குறைவு. ஆனால் உச்சி வெயிலில் கந்தகம் அடித்தால் இலை பொசுங்கும்.

துரு ஏற்கெனவே பரவலாக இருந்தால் இலைக்குள் ஊடுருவும் மருந்து வேண்டும். டெபுகோனசோல் அல்லது புரோபிகோனசோல், லிட்டருக்கு 1 மில்லி. இவையும் இரண்டு நோய்க்கும் கேட்கும். ஆனால் இதையே மூன்று முறை தொடர்ந்து அடிக்காதீர்கள், பூஞ்சாணம் பழகிக்கொள்ளும். ஒருமுறை இது, 15 நாள் கழித்து ஒருமுறை குளோரோதலோனில் என்று மாற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு தெளிப்பில் முடிந்துவிடும். டப்பாவின் லேபிளில் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்று போட்டிருப்பார்கள். மருந்துக்கு மருந்து அது மாறும், வாங்கும்போதே படியுங்கள். முகத்துக்குத் துணி, கைக்கு உறை, இதெல்லாம் எனக்கும் சோம்பல்தான். ஆனாலும் போடுங்கள்.

“கார்பென்டசிம் ரெண்டு தடவை அடிச்சேன். கேக்கவே இல்லியே?”

கேட்காது. கார்பென்டசிம் டிக்காவுக்கு நல்ல மருந்து, துருவை ஒன்றும் செய்யாது. துரு சேர்ந்த பூஞ்சாணக் குடும்பமே வேறு.

நானும் இதில் அடிபட்டவன். பல வருடம் முன்பு இலையைக் காட்டாமல் ‘கடலைக்குப் புள்ளி மருந்து’ என்று ஒரு கடையில் கேட்டேன். கார்பென்டசிம் கொடுத்தார்கள். அடித்தேன். டிக்கா அடங்கியது, இலை உதிரவில்லை. உதிராத அந்த நல்ல இலைகளில் துரு சொகுசாகக் குடியேறியது. மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொரு முறை அதையே அடித்தேன். அந்த வருடம் களத்தில் தூற்றும்போது காற்றில் காய் பறந்ததைப் பார்த்து என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

கார்பென்டசிம் 12, மேன்கோசெப் 63 சதவீதம் கலந்த தூள் இருக்கிறது, சாஃப் என்று கேட்பார்கள். அதில் துருவுக்கு வேலை செய்வது மேன்கோசெப் பாகம். இரண்டு நோயும் லேசாகச் சேர்ந்திருக்கும்போது அது சரி. துரு மட்டும் என்றால் மேன்கோசெப் தனியாகவே போதும்.

“பழைய கையேட்டுல ட்ரைடிமார்ஃப்னு இருக்கு. கடையில கேட்டா முழிக்கறாங்க?”

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். ட்ரைடிமார்ஃப் 2018-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய துண்டறிக்கைகளும், அவற்றைப் பார்த்து எழுதிய இணையப் பக்கங்களும் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

“ஒரு ஏக்கருக்கு எத்தனை டேங்க்? எங்க ஆளு ஆறு டேங்க்ல முடிச்சிடறாரு.”

கொடி மூடிய பயிருக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர். 10 லிட்டர் கைத்தெளிப்பான் என்றால் 20 டேங்க், 16 லிட்டர் பேட்டரி டேங்க் என்றால் 12, 13. ஆறு டேங்கில் ஒருவர் முடித்தால் மேல் இலையைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். துரு இருப்பது கீழே, அதுவும் இலையின் அடிப்பக்கம். குழாயைத் தாழ்த்தி, முனையை மேல்நோக்கித் திருப்பி, செடிக்குள் விட்டு அடிக்க வேண்டும். முடிந்ததும் பத்துச் செடியில் கீழ் இலையைத் திருப்பித் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் தெளித்த கணக்கில் சேராது.

மேன்கோசெப் 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம், 16 லிட்டருக்கு 32 கிராம். தீப்பெட்டி அளவு, மூடி அளவு வேண்டாம். முதலில் குவளையில் கூழாகக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். கூலி நாள் கணக்காக இருந்தால் நிதானமாக அடிப்பார்கள், டேங்க் கணக்காக இருந்தால் டேங்க் கூடும், ஏக்கர் கணக்காக இருந்தால் டேங்க் குறையும். எல்லா ஊரிலும் இதுதான் நடப்பு.

“ட்ரோன்ல அடிச்சா பத்து நிமிஷத்துல முடியுதே?”

முடியும். ஆள் கிடைக்காத ஊரில் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அது ஏக்கருக்கு 10 லிட்டர் போலத் தண்ணீரில் மேலிருந்து அடிப்பது. இலைக்குள் ஊடுருவும் திரவ மருந்துக்கு ஓரளவு சரி. மேன்கோசெப் மாதிரி அடி இலையில் படிந்து காவல் காக்க வேண்டிய தூளுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் தெளிப்பைக் கையால் செய்யுங்கள், கொடி மூடிய பின் இரண்டாவதை வேண்டுமானால் ட்ரோனில் விடுங்கள்.

“அடிச்சு முடிச்சதும் மழை வந்துடுச்சு. திரும்ப அடிக்கணுமா?”

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. மேன்கோசெப், குளோரோதலோனில் இலையில் காய்வதற்குள் பெருமழை அடித்தால் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். காய்ந்த பிறகு லேசான தூறல் என்றால் வேண்டாம். ஊடுருவும் வகை சில மணி நேரம் கிடைத்தாலே உள்ளே போய்விடும். ஐப்பசியில் நான் ஒட்டு திரவம் சேர்க்காமல் அடிப்பதில்லை.

“அடிச்சு அஞ்சு நாளாச்சு. கொப்புளம் அப்படியே இருக்கே, மருந்து போலியா?”

கொப்புளம் எந்த மருந்துக்கும் மறையாது. அம்மைத் தழும்பு மாதிரி, இலை இருக்கும் வரை இருக்கும். மருந்து அடித்த அன்று இலைக்குள் ஏற்கெனவே புகுந்திருந்தவையும் அடுத்த ஒரு வாரத்தில் புதுக் கொப்புளமாக வரும், காவல் மருந்து மட்டும் அடித்திருந்தால் கண்டிப்பாக வரும்.

அடிக்கும் நாளில் பத்துச் செடியில், நன்றாக விரிந்த மேல் இலைக்குக் கீழே சிவப்பு நூல் ஒன்று கட்டிவிடுங்கள். 12 முதல் 15 நாள் கழித்து நூலுக்கு மேலே இருக்கும் இலைகளை மட்டும் பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. அங்கேயும் விரல் சோதனையில் பொடி ஒட்டினால் டேங்க் கணக்கைப் பாருங்கள், அதற்கப்புறம் மருந்தைச் சந்தேகப்படுங்கள். போலி மருந்தும் உண்டு, ஆனால் என்னிடம் போலி என்று வந்ததில் பெரும்பாலானவை ஆறு டேங்க் கதைதான்.

“ரசாயனம் வேணாம்ங்க. இயற்கையில வழி இருக்கா?”

10 சதவீத எருக்கு இலைக் கரைசலை வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. லிட்டருக்கு 100 கிராம் இலை, அப்படியென்றால் ஏக்கருக்கு 20 கிலோ இலையை இடித்துச் சாறெடுக்க வேண்டும். பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். முதல் கொப்புளம் கண்டவுடன், அரை ஏக்கர் கால் ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது சரிப்படும். வயல் பாதி காவியாக மாறிய பின் எருக்கு மட்டும் போதாது என்பது என் அனுபவம். இயற்கை வழியில் போகிறவர்களுக்கு ரகம், விதைக்கும் நாள், தானாக முளைத்த செடியைப் பிடுங்குவது, இந்த மூன்றுதான் பெரிய ஆயுதம்.

“டிரைக்கோடெர்மா விதைநேர்த்தி பண்ணினேன். அப்புறமும் ஏன் துரு?”

டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம், மண்ணில் இருந்து வரும் கழுத்தழுகல், வேரழுகலுக்குக் காவல். துரு காற்றில் வந்து இலையில் இறங்குகிறது. வாசலில் நாயைக் கட்டிவிட்டு ஓட்டைப் பிரித்து வந்தவனைப் பற்றி நாயிடம் கேட்க முடியாது. விதைநேர்த்தியை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு நோய்க்கு வேண்டும்.

“துருவே வராத ரகம் ஏதாச்சும் சொல்லுங்க.”

வராத ரகம் என்று நினைக்காதீர்கள், தாங்கும் ரகம் என்று கேளுங்கள். தாங்கும் ரகத்திலும் கொப்புளம் வரும், சின்னதாக, தாமதமாக, பொடி குறைவாக.

ஆழியார் நகரில் வந்த ஏ.எல்.ஆர் 3 துருவைத் தாங்கும் ரகம். கர்நாடகத்தில் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி 4 துருவுக்கும் பின்பருவ இலைப்புள்ளிக்கும் பேர் போனது. அதன் எதிர்ப்புத் திறன் பொலிவியாவில் வளரும் அராக்கிஸ் கார்டெனாசி என்ற காட்டுக் கடலையிலிருந்து வந்தது. ஐதராபாத் பக்கத்தில் இருக்கும் இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்தத் திறனை ஜே.எல் 24, டி.ஏ.ஜி 24 போன்ற ரகங்களுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள்.

மறுபக்கம், எங்கள் ஊர்ப் பெருமையான டி.எம்.வி 2, 1940-ல் திண்டிவனத்தில் வெளிவந்தது, துருவுக்கு வெல்லக்கட்டி. ஆராய்ச்சி வயல்களில் வேண்டுமென்றே நோயைப் பரப்ப, சோதனை வரிசைகளுக்கு நடுவே இதைத்தான் நடுவார்கள். டி.எம்.வி 7-ம், அந்தத் திறன் சேர்க்காத பழைய ஜே.எல் 24-ம் துருவுக்குச் சுலபமாக இடம் கொடுப்பவை. சந்தையில் விலை கிடைக்கிறது என்று இவற்றைத்தான் போடுவேன் என்றால் போடுங்கள், ஆனால் 35-ஆம் நாள் தவறாமல் வயலில் உட்காருங்கள்.

“ஜிப்சம் போட்டா துரு போகுமா? யூரியாவால வருதா?”

ஜிப்சம் காய் திரளுவதற்கு. 40, 45-ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைக்கத்தான் வேண்டும், துருவுக்காக அல்ல. யூரியாவால் துரு வருவதில்லை. கொடி அடர்ந்து காற்று புகாமல் ஈரம் தங்கினால் துருவுக்கு வசதி, அவ்வளவுதான்.

“துரு வந்த வயல்லேர்ந்து விதைக்கு எடுக்கலாமா?”

எடுக்கலாம். துரு விதைக்குள் தங்கி அடுத்த பயிருக்குப் போவதில்லை. சிக்கல் வேறு. பருப்பு சூம்பியிருந்தால் முளைப்பு பலவீனமாக இருக்கும். கை பார்த்துப் பொறுக்கி, திரண்ட காயை மட்டும் எடுங்கள். பாதிக்கு மேல் கழித்துக் கட்ட வேண்டியிருந்தால் விதைக்கு வெளியில் வாங்குவதே லாபம்.

“கொடியை மாட்டுக்குப் போடலாமா?”

துரு வந்த கொடியில் சத்து குறைவு, மாடும் விரும்பித் தின்னாது. நான் யோசிப்பது அடித்த மருந்தை. லேபிளில் உள்ள காத்திருப்பு நாள் முடியாத கொடியைத் தொட்டியில் போடாதீர்கள். குளோரோதலோனில் அடித்த வயல் கொடியை நான் மாட்டுக்குக் கொடுப்பதே இல்லை. கறவை மாடு இருக்கும் வீடு என்றால் மருந்து வாங்கும் அன்றே இதையும் யோசித்து வாங்குங்கள். நனைந்த கொடியைப் போர் போட்டு, உள்ளே பூசணம் பிடித்து, அதைத் தின்று மாட்டுக்கு வயிறு கெட்டால் பழியைத் துருவின் மேல் போடாதீர்கள்.

“தொண்ணூறு நாள் ஆச்சு. இப்போதான் பார்த்தேன், வயலே காவியா இருக்கு. என்ன அடிக்கட்டும்?”

105 நாள் ரகம் என்றால் ஒன்றும் அடிக்காதீர்கள். இருக்கிற இலையைக் காப்பாற்றி அது காயில் இறங்குவதற்குள் அறுவடை வந்துவிடும், காத்திருப்பு நாளும் இடிக்கும். வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடி பிடுங்குங்கள். காயை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் முற்றவில்லை, கரும்பழுப்பு ஓடியிருந்தால் முற்றியது. பத்துக்கு ஏழு காய் கறுத்திருந்தால் நாளைக்கே ஆள் சொல்லுங்கள். காம்பு இற்று, காய் மண்ணில் தங்க ஆரம்பித்துவிடும், தள்ளிப் போட்டால் மண்வெட்டியால் பொறுக்க வேண்டும்.

பாதிகூடக் கறுக்கவில்லை, மேலே நாலைந்து பச்சை இலையாவது இருக்கிறது என்றால் ஒரு தண்ணீர் கட்டிவிட்டு ஐந்து நாள் பொறுத்து மறுபடி ஐந்து செடி பிடுங்கிப் பாருங்கள். பச்சையே இல்லை என்றால் காத்திருந்து பருப்பு ஏறாது, பிடுங்கிவிடலாம்.